யாரும் திறக்கச் சொல்லாத வாய்

காலை ஆறு பத்து. கண் விழித்ததும் முதலில் தெரிந்தது, கட்டிலின் கால்மாட்டுக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருந்த அட்டை. வாய் வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது என்று அதில் ஆங்கிலத்தில், சிவப்பு மையில் எழுதியிருந்தது. அதற்குக் கீழே என் பெயர், வயது நாற்பத்திரண்டு, அறை எண் ஒன்பது, மூக்கு அறுவை, காலை எட்டு மணி.

இடது பொட்டில் வலி எனக்கு முன்பே எழுந்து உட்கார்ந்திருந்தது.

பெங்களூர் கண்டோன்மென்ட் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனை. பெயர் சொல்லப்போவதில்லை. திட்டி எழுதினாலும் விளம்பரம் விளம்பரம்தான். இன்னும் இரண்டு மணி நேரத்தில் என் மூக்கின் நடுச்சுவரை நிமிர்த்தி, கன்ன எலும்புக்குள் இருக்கும் காற்றறைகளைச் சுத்தம் செய்வார்கள். பதினான்கு மாதத் தலைவலிக்கு அதுதான் தீர்வு என்று சொல்லியிருந்தார்கள். அந்த மூக்கில் எனக்கு ஒரு நாளும் வலி இருந்ததில்லை. சளியும் எல்லோரையும் போல மழைக்காலத்தில் ஒரு முறை வந்து போகும். ஆனாலும் கையெழுத்துப் போட்டிருந்தேன். பதினான்கு மாதம் தலை வலித்தால் எதையாவது வெட்டி எறிந்தால் போதும் என்று தோன்றிவிடும். மருத்துவர்களுக்கு அது தெரியும்.

தொண்ணூறுகளின் பிற்பாதியில் நான் ஒரு தமிழ் நாளிதழின் பெங்களூர்ப் பதிப்பில் உதவி ஆசிரியராக இருந்தேன். மாலை நான்கு மணிக்கு வேலை தொடங்கும். கோலார் தங்கவயல், பத்ராவதி, ஓசூர் என்று ஊர் ஊராக இருக்கும் பகுதிநேர நிருபர்கள் தொலைபேசியில் செய்தி சொல்வார்கள். நான் கேட்டுக்கொண்டே தட்டச்சு செய்வேன். தங்கவயல்காரர் ஒரு லாரி விபத்தைச் சொல்ல இருபது நிமிடம் எடுப்பார். அதில் முதல் பதினைந்து நிமிடம், அந்த இடத்துக்கு அவர் எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்பது.

தலைவலி தொடங்கியதும் முதலில் போனது காக்ஸ் டவுனில் எங்கள் தெருமுனை மருத்துவரிடம். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மருந்துச் சீட்டைப் பார்த்தபடியே, "கம்ப்யூட்டர் முன்னாடியே உக்காந்திருந்தா வராம என்ன பண்ணும்" என்றார். வலி மாத்திரை எழுதினார். அடுத்த மாதம் அதே மாத்திரையை இரண்டு வேளையிலிருந்து மூன்று வேளையாக்கினார். அவருடைய மருத்துவம் அந்த அளவுக்குத்தான் வளரும்.

இரண்டாமவர் கண் மருத்துவர். சிவாஜிநகர் பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடியில் இருந்தார். மிகச் சிறிய அளவில் ஒரு கண்ணாடி எழுதிக் கொடுத்தார். அதைப் போட்டாலும் உலகம் முன்பு இருந்தபடியே இருந்தது. மூக்கின் இரண்டு பக்கமும் தழும்பு விழுந்ததுதான் மிச்சம்.

மூன்றாமவர் நரம்பியல் நிபுணர். நிபுணரின் காத்திருப்பு அறையில் இரண்டரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். சுவரில் மூளையின் குறுக்குவெட்டுப் படம் ஒன்று, ஏதோ மாத்திரை நிறுவனம் கொடுத்தது. எதிர் வரிசையில் இருந்த பெண்மணி என்னிடம், "உங்களுக்கும் கட்டியா?" என்று கேட்டார், பேருந்தில் 'நீங்களும் அல்சூர் ஸ்டாப்பா?' என்று கேட்பதைப் போல. அதுவரை அந்தச் சொல்லை நானும் என் கணவர் தேவராஜும் வீட்டில் உச்சரித்ததில்லை. இருவரும் தனித்தனியாக அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் தெரிந்தது. தேவராஜ் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். திரும்பவும் போய்க் குடித்துவிட்டு வந்தார்.

தலையை ஸ்கேன் எடுத்தார்கள். பெரிய வளையத்துக்குள் தலையை மட்டும் நுழைத்துப் படம் எடுப்பது. வலிக்காது. படம் கைக்கு வர இரண்டு நாளானது. அந்த இரண்டு நாளும் தேவராஜ் தொழிற்சாலைக்கு விடுப்பு போட்டுவிட்டு வீட்டில் குழாய் பழுதுபார்த்தார். எங்கள் வீட்டுக் குழாய்களில் பழுது எதுவும் இல்லை.

கட்டி இல்லை. நிபுணர் அதை என்னிடம் சொல்லவில்லை, தேவராஜிடம் சொன்னார்.

"மேடம் வேலைக்குப் போறாங்களா?"

"பேப்பர் ஆபீஸ், சார்."

"ராத்திரி லேட்டா வருவாங்களா? வீட்ல ஏதாவது டென்ஷன்?"

"சார், அவங்க இங்கதான் உக்காந்திருக்காங்க. அவங்களையே கேளுங்க" என்றார் தேவராஜ்.

நிபுணர் சிரித்தார். மனம் லேசாகும், தூக்கமும் வரும் என்று ஒரு மாத்திரை எழுதினார். தூக்கம் வந்தது. நிருபர் ஒருவர் இறந்தவர்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வந்தது. மாத்திரையை நிறுத்தினேன்.

இதற்கிடையே உறவினர்களும் தேவாலயச் சபைக்காரர்களும் வந்துபோனார்கள். என் நாத்தனார் ஹார்லிக்ஸ் புட்டியை மேசையில் வைத்துவிட்டு, "பொம்பளைக்கு நாப்பது தாண்டினா இப்படித்தான் அண்ணி. எனக்கெல்லாம் வரல, ஏன்னா நான் எதையும் மனசுல வெச்சுக்கறதில்ல" என்றார். அவர் எதையும் மனதில் வைத்துக்கொள்வதில்லை என்பது உண்மை. எல்லாவற்றையும் எங்கள் வீட்டில் வந்து சொல்லிவிடுவார்.

நான்காமவரைப் பார்க்கும் முன் ஒரு காரியம் செய்தேன். ஒவ்வொரு மருத்துவரிடமும் முதலிலிருந்து கதை சொல்லி அலுத்துவிட்டது. சொல்லத் தொடங்கிய அரை நிமிடத்திலேயே குறுக்கிடுகிறார்கள். எனவே என் நோயைச் செய்தியாக எழுதினேன். எப்போது தொடங்கியது, எந்தப் பக்கம், எத்தனை மணி நேரம், என்ன மாத்திரை, என்ன பலன். மொத்தம் ஒன்பது பத்தி வந்தது. ஒரு பக்கத்தைத் தாண்டினால் அவர்கள் படிக்க மாட்டார்கள். செய்தி மேசையில் இடம் போதாவிட்டால் கீழிருந்து வெட்டுவோம். முக்கியமானது மேலே இருக்கும், கடைசிப் பத்தி போனால் செய்திக்குச் சேதமில்லை என்பது எங்கள் தொழிலின் நம்பிக்கை. இருபது ஆண்டுகளாக அடுத்தவர்களின் கடைசிப் பத்திகளை வெட்டி வந்தவள். என்னுடையதையும் வெட்டினேன்.

வெட்டிய பத்தியில் இருந்தவை இரண்டே வரி. சாப்பிடும்போது இடது காதுக்கு முன்னால் 'டக்' என்று சத்தம் வருகிறது. காலையில் எழுந்ததும் வாய் சற்று இறுகியிருக்கிறது. அந்தச் சத்தம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். என் மகள் ஷாலினி, அப்போது ஏழாம் வகுப்பு, ஒவ்வொரு முறை கேட்கும்போதும், "அம்மா லைட் போட்டாச்சு" என்பாள். சாப்பாட்டு மேசையின் வேடிக்கை அது. வேடிக்கையை மருத்துவரிடம் யாரும் கொண்டுபோவதில்லை.

நான்காமவர் காது மூக்கு தொண்டை அறுவை மருத்துவர். அவரும் என் ஒரு பக்கச் செய்தியைப் படிக்கவில்லை. மடித்துப் பேனாவுக்கு அடியில் வைத்துக்கொண்டார். ஸ்கேன் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டி, மூக்கின் நடுச்சுவரைக் காட்டினார். "இதோ பாருங்க, வளைஞ்சிருக்கு. இங்க சைனஸ்ல கொஞ்சம் தடிப்பு. தலைவலிக்குக் காரணம் கண்டுபிடிச்சாச்சு." குரலில் புதையல் எடுத்தவரின் களிப்பு இருந்தது. நேரான மூக்குச் சுவரோடு இருப்பவர்களைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும் என்பதைப் பின்னால் தெரிந்துகொண்டேன். அவர் அறை வாசலில் அன்று பதினொரு பேர் இருந்தோம். நான் பேசிப் பார்த்த நான்கு பேருக்கும் மூக்கு வளைந்திருந்தது.

புதன்கிழமை மாலை மருத்துவமனையில் சேர்த்தார்கள். மயக்க மருத்துவர் அன்று மாலையே வந்து பார்த்திருக்க வேண்டும். வரவில்லை.

"வேற ஆஸ்பத்திரில பிரசவ கேஸாம் மேடம், மாட்டிக்கினாங்க" என்றார் வார்டு ஆயா லூர்து. "நீங்க இன்னாத்துக்கு பேஜார் ஆவறீங்க? காலைல வந்துடுவாங்க. ஸ்வல்ப நேரம் தூங்குங்க."

மறுநாள் ஆறு நாற்பதுக்கு வந்தார். பெயர் நிர்மலா. முப்பத்தைந்து வயது இருக்கும். ஈரத் தலை, ஒரு கையில் ஹெல்மெட். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டார். பதினான்கு மாதத்தில் நான் பார்த்த மருத்துவர்களில் அதைச் செய்த முதல் ஆள். ரத்த அழுத்தம் பார்த்தார், நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டார். பிறகு, "வாயைத் திறங்க" என்றார்.

திறந்தேன்.

"இன்னும்."

"அவ்வளவுதான் வருது."

தன் மூன்று விரல்களை ஒன்றன் மேல் ஒன்றாக நிறுத்தி என் பல் வரிசைகளுக்கு நடுவே வைத்துப் பார்த்தார். மயக்கம் கொடுத்தபின் மூச்சுக்குழாய்க்குள் ஒரு குழாய் இறக்க வேண்டும். வாய் போதுமான அளவு திறக்கிறதா என்று பார்க்க அவர்களுடைய அளவுகோல் இதுதான். இரண்டு விரல் போனது. மூன்றாவது போகவில்லை. இன்னும் கொஞ்சம் முயன்றேன். 'டக்'.

அவர் கையை எடுத்தார். இரண்டு காதுகளுக்கும் முன்னால் விரல்களை வைத்துக்கொண்டு, "மெதுவா திறங்க. மூடுங்க. உங்க தாடை இடது பக்கமா ஓடுது. எவ்வளவு நாளா?" என்றார்.

"எது?"

"இந்தச் சத்தம்."

"ரெண்டு வருஷம் இருக்கும்."

பொட்டில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். பிறகு கன்னத்தில், தாடை மடியும் இடத்தில். நான் தலையணையை விட்டு எழுந்துவிட்டேன்.

"இதுதானே அந்தத் தலைவலி?"

இதுதான். அதே வலி, அதே இடம், கண்ணுக்குப் பின்னால் வரை அதே இழுப்பு. இத்தனை மாதத்தில் என் தலையை யாரும் தொட்டிருக்கவில்லை. வளையத்துக்குள் நுழைத்தார்கள், படமெடுத்தார்கள், விளக்குப் பெட்டியில் மாட்டினார்கள்.

"இத எந்த டாக்டர்கிட்டயாவது சொன்னீங்களா?"

"கடைசிப் பத்தியில இருந்தது. வெட்டிட்டேன்."

அவருக்குப் புரியவில்லை. விளக்கினேன். கேட்டுவிட்டுச் சிரிக்காமல் சொன்னார்: "மயக்கம் குடுத்தப்புறம் அந்தப் பத்திய நான் படிச்சிருந்தா ரெண்டு பேருக்கும் கஷ்டம்."

ஏழரைக்கு மூக்கு மருத்துவர் வந்தார். பச்சை உடை, கழுத்தில் தொங்கும் முகமூடி. "என்ன மேடம், ரெடியா?"

"சார், வாய் ரெண்டு விரல்தான் திறக்குது" என்றார் நிர்மலா. "தாடை மூட்டுல பிரச்சினை இருக்கு. தலைவலியே அதனாலதான்னு தோணுது. ஆபரேஷனத் தள்ளி வெக்கலாம்."

"பயத்துல இறுக்கிக்கிறாங்கம்மா. மயக்கம் குடுத்தா தளர்ந்துடும்."

"தசையா இருந்தா தளரும். மூட்டுக்குள்ள மாட்டியிருந்தா தளராது. ட்யூப் போகலன்னா என்ன சார் பண்றது?"

"ட்யூபப் பத்திக் கவலைப்பட வேண்டியது நீ."

"அதனாலதான் சார் வேணாங்கறேன்."

நிர்மலா அந்த மருத்துவமனையின் ஊழியர் அல்ல. மயக்க மருத்துவர்கள் இங்கே அப்படித்தான், அறுவை மருத்துவர் கூப்பிட்டால் வருவார்கள். தனக்கு வேலை கொடுப்பவரிடம், நோயாளியின் எதிரில், முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மூக்கு மருத்துவர் வழக்கம்போல, கட்டிலருகே நின்றிருந்த என் கணவர் பக்கம் திரும்பினார். "மிஸ்டர், தியேட்டர் ரெடி, எல்லாம் ரெடி. நீங்க என்ன சொல்றீங்க?"

"அந்த டாக்டர் மயக்கம் குடுக்க மாட்டேங்கறாங்க" என்றார் தேவராஜ். "நீங்க முழிப்போடவே அறுக்கப் போறீங்களா?"

"வேற ஆள வெச்சு அடுத்த வாரம் பண்ணிடலாம்."

"வேண்டாம் டாக்டர்" என்றேன். "என் மூக்கு இருக்கிறபடியே இருக்கட்டும்."

அவர் என்னை முதல் முறையாக நேராகப் பார்த்தார். மேசை நாற்காலி பேசியதைக் கேட்டவர் போலப் பார்த்தார். பிறகு போய்விட்டார்.

வெளியேறுவதற்கு ஒரு படிவம். 'மருத்துவ ஆலோசனையை மீறி என் சொந்தப் பொறுப்பில் வெளியேறுகிறேன்.' எந்த மருத்துவரின் ஆலோசனையை என்று குமாஸ்தாவிடம் கேட்டேன். ஒருவர் செய் என்கிறார், ஒருவர் செய்யாதே என்கிறார்.

"அது பிரிண்ட் ஆன ஃபாரம் மேடம்" என்றார் அவர். அந்தக் கட்டடத்தில் அன்று நான் கேட்ட நேர்மையான பதில்களில் அது இரண்டாவது.

நிர்மலா ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்த அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனோம். மர பெஞ்சு, நீண்ட வரிசை. அங்கிருந்த பேராசிரியர் கன்னடக்காரர், பொறுமையாகத் தமிழில் பேசினார். காதுக்கு முன்னால் இருக்கும் தாடை மூட்டில் இரண்டு எலும்புகளுக்கு நடுவே மெல்லிய குருத்து வட்டு ஒன்று இருக்கிறது. அது இடம் நழுவித் திரும்பும்போது வருவதுதான் அந்தச் சத்தம். தாடையை இழுத்து மூடும் தசை பொட்டு முழுவதும் விசிறிபோல விரிந்து கிடக்கிறது. மூட்டு கெட்டு, பல்லையும் கடித்துக்கொண்டே இருந்தால் அந்தத் தசை ஓய்வில்லாமல் இறுகும். தசையின் வலியை நாம் தலைவலி என்கிறோம். சத்தம் மட்டும் இருந்து வலி இல்லாவிட்டால் பெரும்பாலும் ஒன்றும் செய்ய வேண்டியதில்லையாம்.

"எல்லாத் தலைவலியும் தாடையிலிருந்து வராது மேடம்" என்றார். "அப்படிச் சொல்லி எல்லார் பல்லையும் ராவுறவங்களும் இருக்காங்க, ஜாக்கிரதை. உங்களோடது அங்கிருந்து வருது. போன் எந்தப் பக்கம் வெச்சுப் பேசுவீங்க?"

நான் செய்துகாட்டினேன். இடது தோளைத் தூக்கி, தாடையைச் சாய்த்து, இல்லாத ரிசீவரை இடுக்கிக்கொண்டு, இரண்டு கைகளாலும் காற்றில் தட்டச்சு செய்தேன். மாலை நான்கிலிருந்து இரவு பத்து வரை, இருபது ஆண்டு. அவருடைய மாணவிகள் இருவர் குனிந்து குறிப்பெழுதினார்கள்.

என் வேலை கேள்வி கேட்பது. யார், எங்கே, எப்போது, எப்படி என்று அடுத்தவர்களை விடாமல் துளைத்தவள். மருத்துவர்களை இவ்வளவு நேரம் இகழ்ந்ததில் ஒரு சொல்லையும் திரும்பப் பெறவில்லை. ஆனால் அந்த வரிசையில் ஐந்தாவதாக என்னையும் நிறுத்த வேண்டும். அவர்கள் கேட்கவில்லை. நான் கேட்டு, எழுதி, பிறகு வெட்டினேன்.

மேல் பல் வரிசைக்கு அளவெடுத்துக் கெட்டியான பிளாஸ்டிக் தகடு ஒன்று செய்து கொடுத்தார்கள். தூங்கும்போது மாட்டிக்கொள்ள வேண்டும். வெந்நீர் ஒத்தடம், தாடைக்குச் சின்னப் பயிற்சிகள். வாய் மூடியிருக்கும்போது பல்லோடு பல் படக் கூடாது, உதடு மட்டும்தான் சேர வேண்டும். மென்று தின்பவை எல்லாம் ஆறு வாரத்துக்கு விலக்கு.

அந்த ஆறு வாரத்தில் தேவராஜ் ராகி முத்தை கிண்டக் கற்றுக்கொண்டார். தொழிற்சாலை கேன்டீனில் கன்னட நண்பர் ஒருவர் சொல்லிக் கொடுத்தாராம். ராகிக் களி உருண்டையை மெல்லக் கூடாது. பருப்புச் சாற்றில் தோய்த்து அப்படியே விழுங்க வேண்டும். முதல் நாள் உருண்டை கல்லாக இருந்தது.

"அப்பா, இத அந்த மூக்கு டாக்டருக்கு அனுப்பலாம்" என்றாள் ஷாலினி.

மூன்றாம் நாளிலிருந்து தொண்டையில் இறங்கியது. மாலையில் நான் அலுவலகம் கிளம்பும்போது ஒரு டப்பா சாற்றைப் பையில் வைத்துவிடுவார்.

அலுவலகத்தில் தலையில் மாட்டும் தொலைபேசிக் கருவி கேட்டேன். "ஏர் ஹோஸ்டஸ் ஆகப்போறீங்களா?" என்றார் செய்தி ஆசிரியர். வாங்கித் தரவில்லை. நிருபர்களிடம் ஃபேக்ஸ் அனுப்பச் சொன்னேன். தங்கவயல்காரர் கோபித்துக்கொண்டார். ஃபேக்ஸில் அவர் செய்தி எட்டு வரியில் முடிந்தது.

இரண்டாம் மாதம் வலி ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தது. மூன்றாம் மாதம் வாரத்துக்கு ஒரு முறை. நான்காம் மாதத்தில் ஒரு காலை, பல் துலக்கி முடித்த பிறகுதான், இன்று வலிக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. வாய் மூன்று விரல் திறந்தது. சத்தம் இன்னும் எப்போதாவது வருகிறது.

அதன்பின் ஒரு வியாழக்கிழமை, என் ஸ்கேன் படத்தைத் திரும்ப வாங்க அந்த மருத்துவமனைக்குப் போனேன். நிர்மலாவைப் பார்த்து நன்றி சொல்ல வேண்டும் என்றும் இருந்தது. அறுவை அரங்கின் வாசலில் லூர்து நின்றிருந்தார். விசாரித்தேன்.

"அந்த டாக்டரம்மாவா? உங்க கேஸுக்கு அப்புறம் மூக்கு டாக்டரு அவங்களக் கூப்புடறதே இல்ல மேடம்."

கதவில் அன்றைய பட்டியல் ஒட்டியிருந்தது. மூக்கு அறுவை நான்கு. மயக்க மருத்துவர் என்ற கட்டத்தில் வேறொருவரின் பெயர் இருந்தது.